கிப்பி கூடை சுமந்த நாள்

கிப்பி தன் பெண்டாட்டியின் முதுகிலிருந்த கூடையை வாங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தான். வியாழக்கிழமை, நல்ல பகல் வெளிச்சம். எங்கள் ஊர் ஸ்கோல்விக்கில் அதைப் பார்க்காத கண் இல்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். வடக்கே கடல் நடுவில் கிடக்கிற எங்கள் ஷெட்லாந்துத் தீவுகளில் மரம் கிடையாது. மலைச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டிதான் எங்களுக்கு விறகு. அதைக் கூடை கூடையாகச் சுமந்து வருவது பெண்களின் வேலை. சுமக்கும்போதும் கை சும்மா இருக்காது, காலுறை பின்னிக்கொண்டே வருவார்கள். ஆண்பிள்ளை கடலுக்குப் போவான், திரும்பி வந்தால் அடுப்போரம் காலை நீட்டி உட்காருவான். கூடையைத் தொட்டால் மீசை உதிர்ந்துவிடும் என்பதுபோல நடந்துகொள்வான். இது நியாயமா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், நான் போட்ட சட்டம் இல்லை.

அதிலும் கிப்பி! எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஓஸ்லாவிடம் அவன் பேசிய பேச்சை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினால் பாதிச் சாக்குகூட நிறையாது. அந்தப் பாதியும் திட்டு. அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான், அதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா உம்மென்று உட்கார்ந்திருப்பான். அவளுக்குக் காய்ச்சல் வந்தாலும் உம், மாடு கன்று போட்டாலும் உம். பிள்ளைகுட்டியும் இல்லை. கல்லுச் சுவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள் பாவம்.

அவன்தான் அன்றைக்கு, "குடு இங்க, தோள் வலிக்கும்" என்று கூடையை வாங்கினான். ஓஸ்லா பின்னலை மறந்து வெறுங்கையோடு பின்னால் நடந்தாள். கிணற்றடியில் ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். வேறு எவனாவது கூடை சுமந்து வந்திருந்தால் ஊளையிட்டே அவனை ஓட ஓட விரட்டியிருப்பார்கள். இன்று ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதைப் பார்த்ததும் ஓஸ்லா, கிப்பியின் முதுகைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

ஏனென்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரு சொல் உண்டு. ஃபே. உங்கள் காதில் விழும்போது பேய் மாதிரித் தோன்றும், ஆனால் அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆங்கிலச் சொல்தான். லண்டன் பக்கம் இன்றைக்கு அந்தச் சொல்லை எடுத்து, பூமியில் கால் பாவாமல் கனவில் நடக்கிற ஒல்லிப் பெண்களை வர்ணிக்கிறார்களாம். வர்ணிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்! எங்களுக்கு ஃபே என்றால் சாவு குறித்து வைத்துவிட்ட ஆள். நோயாளியை அப்படிச் சொல்லமாட்டோம், படுத்த படுக்கையான கிழத்தையும் சொல்லமாட்டோம். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற ஆள் திடீரென்று தன் குணத்துக்கு நேர்மாறாக நடக்க வேண்டும். கஞ்சன் வாரிக் கொடுக்க வேண்டும், உம்மணாமூஞ்சி பாட வேண்டும். அப்போது தெரிந்துகொள்ளலாம், அவன் நாள் நெருங்கிவிட்டது, அவன் சட்டைக்குள் இப்போது இருப்பது அவன் இல்லை. ஆனால் அந்த ஆள் முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. தலையைக் குனிந்துகொள்வதோடு சரி.

ஓஸ்லாவுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி இல்லை, கண்ணால் பார்த்தது. அவளுடைய தாய்மாமன் சிடுமூஞ்சி மனிதர். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, ஒரு கல்யாண வீட்டில், அவர் எழுந்து ஆடினார். போட்டிருந்த பூட்ஸைக் கழற்றி வாசலில் நின்ற பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, வெறும் காலுறையோடு அவள் கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி ஆடினார். இரண்டு நாள் கழித்துக் கடற்பறவை முட்டை எடுக்கப் பாறையில் இறங்கியவர் மேலே வரவில்லை. அவர் ஆடியபோது சிரித்த சிரிப்பு அவள் காதிலேயே தங்கிவிட்டது. அவருடைய சிரிப்பே இல்லை அது.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. ஓஸ்லா அந்த வீட்டை விட்டுப் போக இருந்தாள்.

தெற்கே, கடல் தாண்டி, லீத் துறைமுகத்தில் அவளுடைய அக்கா மாலுமிகளுக்கு விடுதி நடத்துகிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஏப்ரல் மாதம் கடிதம் போட்டிருந்தாள்: எத்தனை நாள் அந்தக் கல்லோடு முட்டிக்கொண்டிருப்பாய், கிளம்பி வா, இரண்டு பேரும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளலாம். படித்த அன்றே ஓஸ்லா முடிவு பண்ணிவிட்டாள். ஜூனில், கிப்பி ஆழ்கடலுக்குப் போகிற வாரம், புதன்கிழமை நீராவிக் கப்பல் ஏறிவிட வேண்டும். முடிவு பண்ணியதும் மனசு பஞ்சாகப் பறந்தது. ராட்டையைக் கொண்டுபோய்க் கிப்பியின் தங்கை கிர்ஸியிடம் கொடுத்தாள். கோழிச் சண்டையில் ஒன்பது வருஷமாகப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டு மாலியிடம், சுவரைத் தாண்டிப் போய்ச் சமாதானம் பேசினாள். போகிற இடத்துக்குப் பகை எதற்கு? மலையில் மண்கட்டி அடுக்கும்போது தன்னை அறியாமல் பாட்டு வந்தது. கடிதத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போகிற நேரம் பார்த்து இந்த மனுஷன் நல்லவனாகிவிட்டான். அதுவும் சாகப்போகிற நல்லவன். திங்கட்கிழமை அவன் படகு ஏறுகிறான். ஆறு துடுப்புப் படகு, மேலே மூடி கிடையாது, கரையிலிருந்து நாற்பது மைல். ஃபே ஆனவன் அதில் ஏறினால் என்ன ஆகும் என்று குழந்தைக்கும் தெரியும்.

ஓஸ்லாவுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. பழைய கிப்பியைத் திரும்ப வரவழைக்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய் நிறையத் திட்டிவிட்டால் போதும், உயிர் தங்கும்.

வெள்ளிக்கிழமை காலை அவன் டீயில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கொடுத்தாள். தேயிலை எங்கள் ஊரில் தங்கம். சாதாரண நாளாக இருந்தால் கோப்பை பறந்திருக்கும்.

"என்ன ஓஸ்லா, டீயில உப்பா?"

"ஆமா. போட்டேன். இப்ப அதுக்கு என்னங்கற?"

"ஒண்ணுமில்ல புள்ள. கடல்ல குடிக்காத உப்பா? நல்லாத்தான் இருக்கு."

கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சிரித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த வீட்டில் கேட்டிராத சத்தம். முன்பின் தெரியாத ஆள் யாரோ கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த மாதிரி இருந்தது. அடுப்போரம் படுத்திருந்த நாய் எழுந்து, ஓசைப்படாமல் வெளியே போய்விட்டது.

மத்தியானம் அவன் அப்பா புகைபிடித்து விட்டுப்போன மண் சுங்கானை எடுத்து, அவன் கண்ணெதிரே கல்தரையில் போட்டாள். மூன்று துண்டு.

"கை தவறிருச்சு" என்று வேண்டுமென்றே விறைப்பாகச் சொன்னாள்.

கிப்பி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். "போகட்டும் விடு. அப்பாவும் இப்படித்தான் ஒரு நாள் போனாரு. கால்ல குத்தலையே உனக்கு?"

சாயங்காலம் மாட்டை அவிழ்த்து அவனுடைய கோஸ் தோட்டத்தில் விட்டாள். அந்தத் தோட்டத்துக்குள் கோழி எட்டிப் பார்த்தால்கூடக் கல்லெடுத்து ஓடுகிறவன் அவன். இப்போது சுவர்மேல் உட்கார்ந்துகொண்டு, "தின்னு தாயி, நல்லா தின்னு, நீயும் எத்தன நாளைக்குத்தான் காஞ்ச புல்லையே மெல்லுவ" என்றான். பிறகு ஓஸ்லா பக்கம் திரும்பி, "உன் தலமுடி இந்த வெயில்ல செம்பா மின்னுது, தெரியுமா?" என்றான்.

உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அவளுக்குப் பிடித்திருந்தது. நாற்பத்தி நாலு வயதில் முகம் சிவந்து போயிற்று. ஒரு நல்ல வார்த்தைக்காக இருபத்திரண்டு வருஷம் ஏங்கினவள், அந்த வார்த்தை வந்தபோது கோஸ் தோட்டத்து ஓரம் நின்று நடுங்கினாள். கடவுளுக்கு இப்படியும் ஒரு விளையாட்டு.

ஜூன் மாதம் எங்களுக்கு இருட்டு கிடையாது. ராத்திரி என்பது பேருக்குத்தான், வெளுத்த பால் மாதிரி ஒரு வெளிச்சம் ஜன்னலில் நின்றுகொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் அவள் கண் விழித்தபோதெல்லாம் கிப்பி விழித்திருந்தான். இமை கொட்டாமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை கிர்ஸி அரை வட்டம் பாலாடைக்கட்டியோடு வந்தாள். வந்தவள் ஓஸ்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை.

"மதினி, உனக்கு எது திங்கணும்னு ஆசையா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. கூச்சப்படாத."

"எனக்கென்ன ஆச? அழாத கிர்ஸி. இன்னும் எதுவும் நடந்துடலயே."

அதைக் கேட்டு அவள் இன்னும் பெரிதாக அழுதாள். அண்ணனுக்காக அழுகிறாள், ரத்த பாசம் விடுமா என்று ஓஸ்லா நினைத்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற மாலி, "கோழி விஷயத்த மனசுல வச்சுக்காத ஓஸ்லா, தப்பு எம்மேலதான்" என்றாள். ஒன்பது வருஷம் ஒத்துக்கொள்ளாதவள்! படகுத் தலைவன் ஹோசியாவும் வந்தான். வாசலிலேயே நின்று தொப்பியைத் திருகிக்கொண்டு பேசினான்.

"கிப்பி, இந்தத் தடவ நீ வரலன்னாலும் ஒண்ணுமில்லடா. வீட்டோட இரு."

"ஆறு துடுப்புக்கு ஆறு ஆளு வேணாமா? மத்த அஞ்சு பேர் வீட்லயும் அடுப்பெரியணும்ல. வர்றேன்."

ஹோசியா ஓஸ்லாவைப் பார்க்காமலே போனான். இவனோடு கடலேற அவனுக்கே பயம் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வரும்போது பாதிரியார் அவளை நிறுத்தினார். தெற்கத்தி ஆள், நல்லவர். எங்கள் வாயிலிருந்து விழுகிற சொல்லையெல்லாம் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதிக்கொள்வதில் அவருக்குப் பைத்தியம்.

"ஓஸ்லா, நேத்து கடை வாசல்ல ஒரு சொல் காதுல விழுந்தது. ஃபே. என்னைப் பார்த்ததும் எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. நீங்கல்லாம் எந்த அர்த்தத்துல சொல்றீங்க?"

"அப்படி ஒரு சொல்ல நான் கேட்டதே இல்லீங்க ஐயா."

"கேட்டதில்லையா? ரொம்பப் பழைய சொல்லும்மா. ஆயிரம் வருஷம் முன்னாடி நார்வேக்காரங்க படகுல வந்தப்பவே அவங்க வாயில இருந்தது. இங்கிலாந்துலயும் பழைய சண்டைப் பாட்டுல வருது. மறுநாள் களத்துல விழப்போற வீரனுக்கு அந்தப் பேரு. செத்த பிறகு இல்ல, சாகறதுக்கு முன்னாடியே அவன் ஃபே. வந்தவங்க போயிட்டாங்க, அவங்க பாஷையும் இந்தத் தீவுல செத்துப் போச்சு, இந்தச் சொல் மட்டும் சாகாம இருக்கு பாரேன்!"

பாதிரியாருக்கு ஒரே சந்தோஷம். ஓஸ்லாவின் யோசனை வேறு. பொய் சொல்கிற சொல்லாக இருந்தால் இத்தனை காலம் யார் அதை வைத்துக்கொண்டிருப்பார்கள்? ஆயிரம் வருஷமாக ஒவ்வொரு தடவையும் பலித்ததால்தானே அது பிழைத்துக் கிடக்கிறது?

அன்று சாயங்காலம் அவளால் தாங்க முடியவில்லை. கிப்பி நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் அவன் எதிரே போய் நின்றாள்.

"கிப்பி, நாளைக்குப் போகாத."

"ஏன் புள்ள?"

"ஏனா? உனக்கே தெரியலயா? ஊருக்கே தெரிஞ்சிருக்கு." சொல்லக் கூடாததைச் சொல்லியே விட்டாள். "நீ ஃபே."

கயிறு அவன் கையிலிருந்து நழுவியது. முகம் சாம்பலாக வெளுத்தது.

"நானா?" என்றான். "நானில்ல ஓஸ்லா. நீதான்."

"என்னது?"

"ஏப்ரல்லருந்து பார்க்கறேன். மலமேல நின்னு பாடற. உன் வாயில பாட்டு வந்து எத்தன வருஷமாச்சு? ராட்டையத் தூக்கி கிர்ஸிக்குக் குடுத்துட்ட, கேட்டா கண்ணு தெரியலங்கற. மாலி வீட்டுச் சுவரத் தாண்டிப் போய்க் குலாவற. கிணத்தடியில தனியா நின்னு சிரிச்சியாம். ஒருத்தரும் எங்கிட்ட வாய்விட்டுச் சொல்லல, என்னப் பார்த்தாத் தலையக் குனிஞ்சாங்க. எனக்குப் புரியாதா?" அவன் குரல் உடைந்தது. "இவ்வளவு வருஷமும் உன்ன மனுஷியா மதிக்கல. போறதுக்குள்ள நாலு நாளாச்சும் நல்லா வச்சுக்கலாம்னு பார்த்தேன்."

ஓஸ்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிணற்றடித் தலைகள் அவளுக்காகக் குனிந்தவை. கிர்ஸி அழுதது அவளுக்காக. மாலி மன்னிப்புக் கேட்டதும், ஹோசியா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும், ராத்திரியெல்லாம் இவன் கண் கொட்டாமல் பார்த்ததும், எல்லாம் அவளுக்காக. நான்கு நாளாக ஊரே அவளைப் பாடையில் ஏற்றி வைத்துப் பார்த்திருக்கிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

"அடப் பாவி மனுஷா!" என்றாள். "நான் சாகப்போறதா நெனச்சியா? நான் லீத்துக்குப் போக இருந்தேன்யா!"

மெத்தைக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து, ஒரு வரி விடாமல் அவனுக்குப் படித்துக் காட்டினாள். கல் என்று அக்கா எழுதியிருந்த இடத்தையும் விடவில்லை.

அவன் நழுவிய கயிற்றைத் தரையிலிருந்து எடுத்தான். "லீத்துக்கா?"

"ஆமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"லீத்துன்னா பரவால்ல. நான் கல்லறத் தோட்டத்துக்குன்னு இல்ல பயந்து கெடந்தேன்!" என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்று கேட்டான், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஓஸ்லா கடிதத்தை அடுப்பில் போட்டாள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மத்தியானம் ஊரின் பன்னிரண்டு படகும் கரையில் தயாராக நின்றன. கிப்பி வீட்டிலிருந்து பாடிக்கொண்டே இறங்கினான். ஓஸ்லா ரொட்டிப் பையோடு கூடவே வந்தாள். பாடினால் பாடட்டும், நான் இருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் பாடுகிறான், காரணம் தெரிந்த பிறகு என்ன பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது பாதிரியார் எதிரே வந்தார். படகேறப் போகிறவன் பாதிரியார் முகத்தில் விழிக்கக் கூடாது, இது எங்களிடம் கல்லில் வெட்டினது. கடலுக்குள் போய்விட்டால் அவர் பேரைக்கூடச் சொல்லமாட்டோம், 'எழுந்து நிற்கிறவர்' என்போம். பழைய கிப்பியாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து இறங்கி வந்திருப்பான். இன்றைக்கோ, "வாங்க ஐயா! கூட வர்றீங்களா? மீனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துட்டு வரலாம்!" என்றான். படகில் இருந்த ஐந்து பேருக்கும் முகம் செத்துவிட்டது.

அதோடு விட்டானா? இடுப்பிலிருந்த புகையிலைச் சுருளை, பூராவும், ஹோசியாவின் மடியில் தூக்கிப் போட்டான். "வச்சுக்கடா. எனக்கெதுக்கு?"

எனக்கெதுக்கு என்றான். ஓஸ்லா சுற்றிலும் பார்த்தாள். கரையில் நின்ற பெண்கள் யாரும் இன்றைக்கு அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கிப்பியைப் பார்த்தார்கள். முதலில் கிர்ஸி தலையைக் குனிந்தாள். அப்புறம் மாலி. அப்புறம் ஒவ்வொருத்தியாக.

அவன் சிரித்தான், அந்தச் சிரிப்பை அவள் பதினாறு வயதில் ஒரு கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறாள். அப்போதுதான் அவளுக்குத் தெளிவாக விளங்கியது. அன்றைக்குத் தாய்மாமனுக்கும் ஏதோ ஒரு சந்தோஷக் காரணம் இருந்திருக்கும். எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். ஃபே காரணம் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

படகு தண்ணீரில் இறங்கியது. இடுப்பளவு தண்ணீரில் அவளும் இறங்கினாள்.

"கிப்பி! நேத்து சொன்னது அத்தனையும் பொய்!" தொண்டை கிழியக் கத்தினாள். "புதன்கிழம நான் கப்பல் ஏறத்தான் போறேன்! இருபத்திரண்டு வருஷமா உன் மூஞ்சியப் பார்த்துப் பார்த்து என் பொழப்பே நாறிப் போச்சு! நீ கூடையத் தூக்கினா எல்லாம் சரியாயிடுமா? உன்னோட இருக்கறதுக்கு லீத்துல தரையக் கழுவித் தொடைச்சாச்சும் கஞ்சி குடிப்பேன்! நீ வந்தா என்ன, வராட்டி எனக்கென்ன!"

ஊரே கேட்டது. கிப்பி துடுப்பைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்தது. கன்னம் இறங்கியது, உதடு மடிந்தது, புருவம் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த ஆள் திரும்பி வந்துவிட்டான். அவன் ஹோசியாவின் மடியில் கிடந்த புகையிலைச் சுருளை வெடுக்கென்று பிடுங்கினான்.

"குடுறா இங்க. ஓசிப் புகையில கேக்குதா உனக்கு?"

அப்பாடா! ஓஸ்லா அந்தத் தண்ணீரிலேயே நின்று அழுதாள். கிர்ஸி ஓடி வந்து கரைக்கு இழுத்தாள். படகு முனையைத் தாண்டும் வரை அவன் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வடமேற்கிலிருந்து காற்று எழுந்தது. பன்னிரண்டு படகு போனதில் ஒன்பதுதான் திரும்பியது. கடைசியாக வந்தது ஹோசியாவின் படகு, மூன்றாம் நாள், பாய் கிழிந்து, துடுப்பு இரண்டு போய். ஆறு பேரும் இருந்தார்கள்.

ஹோசியா கரையிலேயே ஓஸ்லாவிடம் சொன்னான்: "ரெண்டு தடவ அலை எங்க தலைக்கு மேல வந்துச்சு. நாங்க ஜெபம் பண்ணினோம். இவன் உன்னத் திட்டிக்கிட்டே ராப்பகலா தண்ணி எறைச்சான். உன் பேரச் சொல்லித் திட்டாத வாளி ஒண்ணு கெடையாது. அந்தக் கோவந்தான் எங்கள இங்க கொண்டாந்து சேர்த்துச்சு."

கிப்பி அவளைத் தாண்டி நடந்து வீட்டுக்குப் போனான். அடுப்போரம் உட்கார்ந்தான். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிக் கத்தினேன் என்று அவள் காலைப் பிடித்துச் சொன்னாள். கடிதத்தை எரித்ததை நினைத்துப் பார் என்றாள். அவன், "உம்" என்றான். நாய் உள்ளே வந்து அவன் காலடியில் படுத்தது.

அந்தப் புதன்கிழமைக் கப்பலை ஓஸ்லா விட்டுவிட்டாள். அடுத்த புதன்கிழமையும் போகவில்லை, அதற்கப்புறமும் போகவில்லை. உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவனை விட்டுவிட்டு எங்கே போவது? முப்பத்தொரு வருஷம் அவனோடு இருந்தாள். இத்தனை வருஷமும் உம். ஒரு நல்ல வார்த்தை இல்லை, ஒரு சிரிப்பு இல்லை, அவள் கூடையை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. காப்பாற்றினேனா, கெடுத்தேனா என்று அவள் கேட்டுக்கொள்ளாத நாள் கிடையாது. ஒரு நாளாவது அவனிடம் சண்டை போட்டுக் கேட்டிருக்கலாம். பயம், கேட்கவில்லை.

முப்பத்தொரு வருஷம் கழித்து, மறுபடி ஒரு ஜூன். ஓஸ்லாவுக்கு எழுபத்தைந்து. அரைக் கூடை மண்கட்டியோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று முதுகில் கனம் குறைந்தது. திரும்பினாள். கிப்பி தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் கூடையைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"குடு இங்க, தோள் வலிக்கும்."

அவள் கூடைக் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "ஏன் கிப்பி? இன்னைக்கு என்ன?"

"நான் நல்லா நடந்துகிட்டா நீ பயந்து செத்துடுவன்னுதான் இத்தன வருஷமும் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். ரொம்ப சிரமமா இருந்துச்சு புள்ள." அவன் சிரித்தான். "இன்னைக்கு முடியல."

கீழே, தன் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மாலியின் மகள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓஸ்லா கூடையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் டீ போட்டாள், உள்ளதிலேயே நல்ல தேயிலையில், சர்க்கரை அள்ளிப் போட்டு. அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்குப் படகுக்கு இறங்கறப்ப ஒரு பாட்டு பாடினியே," என்றாள். "பாதியில நிறுத்திட்ட. மிச்சத்தப் பாடு, கேக்கறேன்."